தாடி வைத்த மகாராணி: லக்சர் பயணம்

எகிப்தின் லக்சரில் நைல் நதியின் மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் துத்தன்காமன் கல்லறையைப் பார்க்கத்தான் அவசரப்படுகிறார்கள். நான் முதலில் போனது டெய்ர் எல்-பஹ்ரிக்கு. பண்டைய எகிப்தை ஆண்ட மகாராணி ஹட்செப்சுட் கட்டிய கோயில் அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து பேட்டரி வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில் அடுக்கடுக்காக மூன்று தளங்கள், நடுவே சாய்தளம், வரிசை வரிசையாகத் தூண்கள். ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழையது என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். போலந்து நாட்டுத் தொல்லியலாளர்கள் 1961 முதல் பழுதுபார்த்து வருவதும் அதற்கு ஒரு காரணம்.

ஹட்செப்சுட், முதலாம் துட்மோஸின் மகள். மாற்றாந்தாய் மகனான இரண்டாம் துட்மோஸை மணந்தார். கணவர் சீக்கிரமே இறந்துவிட, வேறொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துட்மோஸ் சிறுவனாக அரியணை ஏறினான். அவனுக்காக ஆட்சியைக் கவனிக்க வந்த சிற்றன்னை, ஏழாம் ஆண்டுக்குள் தானே ஃபாரோ, அதாவது எகிப்தின் பேரரசர், ஆகிவிட்டார். பையனை விரட்டவில்லை, கூடவே வைத்துக்கொண்டார். கி.மு. 1458 வரை சுமார் இருபது ஆண்டுகள் ஆட்சி நடந்தது. சிலைகளில் ஆண் உடை, ஒட்டுத்தாடி, எல்லாம் உண்டு.

இரண்டாம் தளத்தின் இடது பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். புன்ட் நாட்டுக்குக் கப்பல் போன கதை அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. செங்கடலுக்குத் தெற்கே எங்கோ இருந்த நாடு அது. ஐந்து கப்பல்கள். அடியில் தண்ணீர், அதில் மீன்கள். செங்கடல் மீன் வகைகளை இன்றைக்கும் அடையாளம் சொல்லலாமாம், அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறான் அந்தச் சிற்பி. வெள்ளைப்போள மரக்கன்றுகளை வேரோடு கூடையில் வைத்துக் காவடி போலத் தோளில் சுமந்து வருகிறார்கள். கயிறுகளில் குரங்குகள் தொத்திக்கொண்டிருக்கின்றன. தடித்த உடலோடு நிற்கும் புன்ட் அரசியும் உண்டு. சுவரில் இருப்பது நகல்தான், அசல் கெய்ரோ அருங்காட்சியகத்தில்.

வலது பக்கத்தில் அவருடைய பிறப்பு. அமுன் கடவுளே தன் தந்தை என்கிறார். குனும் என்ற கடவுள் குயவர் சக்கரத்தில் வைத்து அவரை வனைகிறார். அப்பா அரசராக இருந்தும் போதவில்லை, சாமியும் தேவைப்பட்டது!

பல இடங்களில் அவர் உருவத்தை மட்டும் உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். ஆனால் விளிம்பு அப்படியே தெரிகிறது: தலைக்கவசம், தோள், நீட்டிய கை. வழிகாட்டி, மூன்றாம் துட்மோஸைக் குறித்து, "மகன் பழிவாங்கினான்" என்று சுலபமாக முடித்துவிட்டார். எனக்கு அது ஒட்டவில்லை. அழிப்பு வேலை அவர் இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பின்தான் நடந்தது. அத்தனை வருடம் யாராவது கோபத்தைப் பொத்தி வைப்பார்களா? அந்தத் துட்மோஸின் மகன் இரண்டாம் அமென்ஹோட்டெப்புக்கு அரியணை சிக்கலில்லாமல் கிடைக்க வேண்டும் என்ற கணக்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சாயங்காலம் கிழக்குக் கரையில் கர்னாக் கோயில். ஹட்செப்சுட் நிறுத்திய இரண்டு ஒற்றைக்கல் தூபிகளில் (ஒபெலிஸ்க்) ஒன்று இன்னும் நிற்கிறது. ஏறத்தாழ 29 மீட்டர், ஒரே அஸ்வான் கிரானைட் கல். வெட்டி எடுக்க 7 மாதம் ஆனதாக அதிலேயே எழுதியிருக்கிறது. மூன்றாம் துட்மோஸ் காலத்தில் இவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். மறைத்ததே எழுத்துகளுக்குப் பாதுகாப்பாகிவிட்டது. விழுந்த இணையின் உச்சித் துண்டு புனிதக் குளத்தின் அருகே பல காலம் தரையில் கிடந்தது, 2022-இல் நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள். அமுனின் முன் மண்டியிட்டிருக்கும் ஹட்செப்சுட்டை அதில் பார்க்கலாம். பலர் கவனிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவருடையது என்று ஒரு பல்லை வைத்து 2007-இல் அறிவிக்கப்பட்ட மம்மி, 2021 முதல் கெய்ரோவில் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. லக்சரில் இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் கோயில், மாலையில் கர்னாக், நடுவில் வெயிலுக்கு ஒதுங்கிவிடுங்கள்.