கலங்கினா சொல்லுங்க

எங்கள் அணையின் வெளிப்பக்க அடிவாரத்தில், கசிவு அளக்கும் தொட்டிச் சுவரின் மேல், ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். காலை ஆறரைக்கு லஸ்கர் அண்ணன், கரையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், வந்து அதை எடுப்பார். கசிவை அளக்க முக்கோணமாக வெட்டிய வீ-நாட்ச் தட்டில் வழிகிற தண்ணீரைப் பிடித்துச் சுவரில் வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார். பீடி முடியும்வரை டம்ளரைத் தொட மாட்டார். பிறகு தண்ணீரை அலுங்காமல் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால்தான் முகம் தெளியும். அதன் பிறகே கரை நடை தொடங்கும்.

நான் அங்கே ஓவர்சியராகச் சேர்ந்த முதல் வாரம், "இப்படி நாள் முழுக்கத் தண்ணி வெளியே போகுதே, அடைக்க எஸ்டிமேட் போட்டுரலாமாண்ணா?" என்று கேட்டேன்.

"மண் கரைன்னா ஊறத்தானுங்க செய்யும், சார். ஊறாம நின்னுட்டா அதுதான் எனக்குப் பயம். ஊறுறது கலங்கினா சொல்லுங்க, எங்கிருந்தாலும் ஓடி வந்துடறேன்" என்றார்.

டிப்ளமோவில் நானும் படித்ததுதான். மண் அணைக்குள் தண்ணீர் ஊறிச் செல்லும் கோடு, அடிவாரத்தில் அதை வாங்கி வெளியே விடும் வடிகால், எல்லாவற்றுக்கும் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த டம்ளரைப் பார்க்கும்வரை எனக்கு அது வெறும் படம்தான்.

ஊர், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து சேரும் அளவுக்கு மழை வந்து சேராது. ஆபீஸ் ஃபைல் மலையாளத்தில் நகரும், கரைமேல் பேச்செல்லாம் தமிழ். இந்தப் பக்கம் மலையாளிகளும் கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி என்று 'ஏரி' போட்டே சொல்வார்கள். ஆழியாற்றுத் தண்ணீரில் கேரளத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று 1970-ல் எழுதிய ஒப்பந்தம், இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் மனப்பாடம். மலம்புழா போன்ற பெரிய அணைகளுக்குப் பூங்காவும் பார்க்க வரும் கூட்டமும் உண்டு. எங்களுடையது முக்கால் கிலோமீட்டர் கரை, மூன்று ஷட்டர், இரண்டு மதகு. அவ்வளவுதான். பேர் சொல்ல வேண்டாம் என்று விடுகிறேன்.

இந்தச் சின்ன அணைக்கு இரண்டு வேலை. வெள்ளத்தைத் தடுக்க வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது காலியாக இருக்க வேண்டும். குடிக்கவும் ரெண்டாம் பயிருக்கும் கொடுக்க வேண்டும், அதற்கு நிரம்பி இருக்க வேண்டும். எந்தத் தேதிக்கு எத்தனை அடி நிறுத்துவது என்பதில்தான் எங்கள் தூக்கம் போகும்.

2016 அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். அடுத்த கோடையில் எங்கள் அணைக்குள் ஆடு மேய்ந்தது. உள்வாய்ச் சரிவில், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கத்துச் சரிவில், கல் பதிப்புக்குக் கீழே களிமண் வெடித்துக் கிடந்தது. சில வெடிப்பில் என் கை மணிக்கட்டுவரை போனது. ஜனங்கள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது லஸ்கர் அண்ணன் அந்த வெடிப்புகளைக் குச்சியால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "காஞ்ச கரை நெறையறப்பதானுங்க சார் நாம முழிச்சிருக்கோணும்."

2018 ஆகஸ்டில் நிறைந்தது. கேரளம் முழுவதும் அணை திறந்த மாதம். எங்கள் நாட்ச் தட்டில் வழக்கமாக 5 சென்டிமீட்டர் நிற்கும். அன்று சாயங்காலம் 7. இரவு இரண்டு மணிக்கு 10. ஸ்கேலில் பார்த்தால் இரட்டிப்புதான். ஆனால் அந்த முக்கோண வெட்டில் உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். வினாடிக்கு முக்கால் லிட்டர் போன இடத்தில் நாலு லிட்டருக்கு மேல் போகிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீரும் அதே வடிகாலில்தான் விழும், அதனால் தட்டை மட்டும் நம்ப முடியாது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு அடிவாரத்தில் நடக்க ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும் என்பார். கரையிலிருந்து பத்தடி தள்ளி, புல்லுக்குள் அவர் கால் புதைந்தது.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பால் பொங்குவதுபோல் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. நடுவில் மணல் துள்ளியது. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி ஒரு வளையம். தண்ணீரின் நிறம் கடுங்காப்பி.

எனக்குக் கை நடுங்கியது. ஸ்டோரில் சிமென்ட் மூட்டை இருக்கிறது, கொண்டுவந்து அடைத்துவிடலாம் என்று கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை.

"அடைச்சறாதீங்க, சார். இங்க அடைச்சா நமக்குத் தெரியாத எடத்துல கிளம்பும். தண்ணி போகட்டும். மண்ணுதான் போகக்கூடாது."

கீழே காலனியில் போய்க் கதவைத் தட்டினோம். பக்கத்துச் சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணலையும் ஜல்லியையும் யாரிடமும் கேட்காமல் எடுத்தோம். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் இருக்கும், மழையில் சட்டி மாற்றினார்கள். முதலில் மணல், அதன்மேல் சன்ன ஜல்லி, அதன்மேல் முக்கால் இஞ்ச், கடைசியாகப் பெரிய கல். மணல் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஜல்லி மணலைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் இடுக்கு வழியாக வெளியே வரும். சுற்றி மணல் மூட்டையால் ஒரு வளையம் கட்டித் தண்ணீரை முழங்கால் உயரம் நிறுத்தினோம். அந்த எதிர்ப்பாரம் உள்ளிருந்து வருகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

டம்ளர் வந்தது. மூன்று மணிக்குப் பிடித்ததில் அடியில் நகக்கண் உயரத்துக்கு வண்டல். நாலரைக்கு ஒரு படலம். விடியும்போது விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணன் அப்போதுதான் பீடி எடுத்தார், தீப்பெட்டி நனைந்துபோயிருந்தது.

அடுத்த சங்கடம் பகலில் வந்தது. மட்டத்தை ஒரே நாளில் சரசரவென்று இறக்கிவிடலாமே என்று மேலிருந்து யோசனை. பயத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் உள்வாய்ச் சரிவு தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கிறது. வெளியே தாங்கி நிற்கும் தண்ணீரைச் சட்டென்று எடுத்தால் அந்தச் சரிவே வழுக்கி உள்ளே விழும். என் சர்வீஸில் மேலதிகாரியிடம் குரல் உயர்த்திப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். மழை விட்டதும் நாளுக்கு ஒரு அடி, அதற்கு மேல் இறக்கவில்லை.

அந்த இறக்கம் ஜனவரியில் வயலில் தெரிந்தது. ரெண்டாம் பயிருக்குக் கடைசி நனைப்பு குறைந்துவிட்டது. "ஆகஸ்ட்ல ஆத்துல விட்டீங்க, இப்ப எங்களுக்குக் கணக்குச் சொல்றீங்களா?" என்று ஒரு விவசாயி ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார். கரை நின்றதால்தான் அவர் வயலும் நின்றது என்று சொல்லியிருக்கலாம். கருகிய நெல்லைக் கையில் வைத்திருந்தவரிடம் எனக்குச் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

அமெரிக்காவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 காலையில் கலங்கலாகக் கசிந்தது, நண்பகல் 12 ஆவதற்குள் உடைந்துவிட்டது. 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் செய்யேற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணையின் மண் கரையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முதலாவது கரைக்குள் மண் அரித்து உடைந்தது, இரண்டாவது கொள்ளாத வெள்ளத்தில். காரணம் வேறானாலும் இரண்டுக்கும் மண்தான் உடல். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடுங்காப்பி நிறம் கண்முன் வந்துவிடும்.

லஸ்கர் அண்ணன் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆனார். அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் போடவில்லை. கேட்டுக் கேட்டு எழுதினேன், எழுதிய நகல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆறு மாதத்தில் வெளிச்சரிவில் வேம்பும் ஆலும் முளைத்தன. விரல் கனத்தில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும் என்பார் அண்ணன். மரமானபின் வெட்டினால் வேர் உள்ளேயே மக்கி, தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்துவிடும். எலி வளையும் நண்டு வளையும் புல்லை அறுத்தால்தான் கண்ணில் படும். கருவி வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வையுங்கள், நல்லதுதான். ஆனால் புல்லுக்குள் கால் புதைகிற இடத்தை அந்தக் கரையில் தினமும் நடக்கிற ஆள்தான் கண்டுபிடிப்பான். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

மாற்றலாகி வந்தபிறகு, போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினேன். நாட்ச் தட்டில் ஆலிலை அடைத்திருந்தது. எடுத்துப் போட்டுவிட்டு மட்டம் நிலைக்கும்வரை நின்றேன். காவலுக்கு இருந்த தினக்கூலிப் பையன் வந்து, யாருங்க, என்ன பண்றீங்க என்று கேட்டான். டீ குடிக்கிற டம்ளர் இருக்கா தம்பி என்றேன். புரியாமல் கொண்டுவந்து கொடுத்தான். பிடித்து, சுவரில் வைத்து, இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு சாய்த்து ஊற்றிவிட்டு அவனையே விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லீங்களே" என்றான்.

ஸ்கேலில் 4 சென்டிமீட்டர். அவன் போனிலேயே தேதி போட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.