வத்தல்மலை அத்தி மரமும் மேகமலை வௌவாலும்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவுகளில் படம் எடுத்து, காப்பித் தோட்டங்களைச் சுற்றிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். நான் இருட்டும் வரை இருந்தேன். வௌவால்களுக்காகத்தான்.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய தோட்டம். அதன் ஓரத்தில் ஓர் அத்தி மரம் பழுத்து நின்றது. விளக்கு வைக்கும் நேரத்தில் வரத் தொடங்கின. பழத்தைக் கவ்வியதும் அங்கே தங்குவதில்லை. வேறு மரத்துக்குக் கொண்டுபோய்ச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகின்றன. டார்ச் வெளிச்சத்தில் காதோரத்து வெள்ளை விளிம்பு தெரிந்தது. குறுமூக்குப் பழவௌவால், சமவெளியிலும் எங்கும் பார்க்கக்கூடியதுதான்.

எனக்கு மேகமலை நினைவுக்கு வந்தது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்தார். இதுவும் குறுமூக்குதான் என்று முடிவுகட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்தார். வாலே இல்லை! கீழ்த்தாடையில் ஒரே ஒரு ஜோடி வெட்டுப்பல். புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம். 1972இல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டி உலகுக்கு அறிவித்தார். (உலகின் மிகச் சிறிய வௌவால் இனம் இந்தக் கிட்டியின் பெயரால் வழங்குகிறது.) மேகமலையில் பிடிபட்ட அந்தச் சலீம் அலி வௌவால் மீண்டும் கண்ணில் பட்டது 1993இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

அந்த ஓர் இனத்துக்குச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்பு. மற்றப் பழவௌவால்களையோ, 2022இல் சட்டம் திருத்தப்படும் வரை, எலியோடும் காகத்தோடும், கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தோம். எனக்கு இது ஆறவே இல்லை.

தோட்டக்காரப் பெரியவரிடம், "ஐயா, இவை காப்பிப் பழத்தைத் தின்று நஷ்டம் செய்வதில்லையா?" என்று கேட்டேன்.

"தோலைத்தான் சப்பும் தம்பி. கொட்டையைக் கீழே போட்டுவிடும், பொறுக்கிக்கொள்வோம்" என்றவர், வேலியோரத்து அத்திக் கன்றைக் காட்டினார். "இதை யாரும் நடவில்லை. இவை போட்ட விதைதான். களை எடுக்க வருகிறவர்களிடம் இதை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."