ஏதாவது ஒண்ணுல வர்ற மாதிரி எழுது

"எங்க அம்மா டிவி பாக்குறது இந்த மூணுலயும் வரல, மேம்" என்றாள் என் மாணவி ஒருத்தி. "அப்ப ஏதாவது ஒண்ணுல வர்ற மாதிரி எழுது" என்றேன். நடந்தது இவ்வளவுதான். இன்டர்னல் மார்க் கொடுக்கக் கடைசி நாள், மேஜையில் நாற்பது அசைன்மென்ட் திருத்தாமல் கிடந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாக, தண்ணி பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னேன். நாலு வருஷம் ஆகியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டு டிவியைப் பற்றி வகுப்பில் பேசலாம் என்று இருக்கிற ஒரே பேப்பர் இந்த மீடியா, கல்ச்சர் பேப்பர்தான். நான் கேட்டு வாங்கி எடுக்கிற பேப்பரும் அதுதான். அதில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் இல்லாமல் நகர முடியாது. டிவி சொல்வதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை என்று 1973இல் பர்மிங்ஹாமிலிருந்து எழுதினார். சொன்னதைச் சொன்னபடி ஏற்பது டாமினன்ட், பொதுவாக ஏற்றுக்கொண்டு தன் நிலைமைக்குத் தக்கபடி வளைத்துக்கொள்வது நெகோஷியேட்டட், எதிர்த்து நின்று வாசிப்பது அப்போசிஷனல். போர்டில் மூன்று கட்டம் போட்டால் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். வீட்டில் யார் எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்து எழுதிவரச் சொன்னதும் நான்தான்.

அவள் கவனித்துத்தான் எழுதினாள். அவள் அம்மா செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் பெருக்கித் துடைக்கிறவர். வீட்டுக்காரர்கள் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் ஊருக்கு வருவார்கள், மற்ற நாளில் வீட்டை ஷூட்டிங்குக்கு விடுவார்கள். அங்கே எடுத்த ஒரு சீரியலை அம்மா ஒரு நாள் விடாமல் பார்ப்பாராம். கதை தெரியாது. யார் மாமியார், யார் மருமகள் என்று கேட்டால் குழம்புவார். ஒரு காட்சியில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு மருமகள் அழுகிறாள், பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் கண்ணைத் துடைக்கிறார்கள், அம்மா மட்டும் திரைக்குக் கிட்டப் போய், "அவ காலுக்குக் கீழ பாரு, விளக்கெண்ணெயச் சிந்திட்டுப் போயிருக்காங்க, அந்தக் கல்லத் தேய்க்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்கிறார். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்கத்தான் பளபளக்கும், அது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு அந்தப் பளபளப்பு திரையில் விழுகிற நாள் நல்ல எபிசோடு. கேமரா மேலேயே நின்றுவிட்டால் "இன்னைக்கு ஒண்ணுமே இல்ல" என்று எழுந்துபோய்விடுவார்.

இதையெல்லாம் அவள் தட்டுத்தடுமாறுகிற இங்கிலீஷில் எழுதியிருந்தாள். வளவு, பட்டாலை, முகப்பு என்று வீட்டுப் பகுதிகளின் பெயரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே கிடந்தன. நான் அவற்றைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'தியரி எங்கே?' என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து வேறொன்று வந்தது. நோட்ஸில் இருக்கிற இங்கிலீஷ், பிழையே இல்லை. அம்மா 'வியூவர்' ஆகியிருந்தார். அந்த வியூவர் குடும்பக் கதையை நெகோஷியேட்டடாக வாசித்தார். எண்ணெய் இல்லை, கல் இல்லை. 25க்கு 21 போட்டேன்.

என் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மிச்ச 75 மார்க் வெளியில் திருத்துகிறவர் கையில் இருக்கிறது. அவருக்கு அந்த அம்மாவைத் தெரியாது. மூன்று பெயரும் மூன்று விளக்கமும் தாளில் இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் போடமாட்டார். முதல் பட்டதாரிப் பிள்ளை, அரியர் விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். எனக்கும் யாரோ ஒருவர் 'இப்படி எழுது' என்று சொல்லித்தான் இந்த நாற்காலி கிடைத்தது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் முதல் தாளுக்கு மார்க் போட்டுவிட்டு, பரீட்சையில் மட்டும் இப்படி எழுது என்று தனியாகச் சொல்லியிருக்கலாமே? அதற்கு அஞ்சு நிமிஷம் போதும். அந்த அஞ்சு நிமிஷம் என்னிடம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. ஹாலின் மூன்று கட்டத்தை நிஜ ஆட்களிடம் வைத்துப் பார்த்த டேவிட் மோர்லி, ஒரு பிபிசி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டி 1980இல் புத்தகமாக எழுதினார். அதில் கறுப்பின மாணவர்கள் சிலர் எதிர்க்கக்கூட இல்லை, இது எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த மௌனத்தையும் ஒரு விமர்சனமாக எடுத்துக்கொண்டார் மோர்லி. எம்.ஃபில். படிக்கும்போதே நான் வாசித்தது இது. சிலபஸில் இல்லை, அதனால் வகுப்பில் சொல்லவில்லை. ஹால் இருந்த பர்மிங்ஹாம் கல்ச்சர் ஆய்வு மையத்தை 1964இல் தொடங்கிய ரிச்சர்ட் ஹாகர்ட் இங்கிலீஷ் பேராசிரியர், லீட்ஸில் ஏழைத் தொழிலாளர் தெருவில் பாட்டி வளர்த்த பிள்ளை. தான் வளர்ந்த அந்தத் தெருவையும் வீட்டையும் வைத்துத்தான் 1957இல் புத்தகம் எழுதினார், இந்தப் படிப்பே அங்கிருந்துதான் கிளம்பியது. அதைச் சொல்லிக்கொடுக்கிற நான், ஒரு பிள்ளை தன் அம்மாவை வைத்து எழுதியதும் தியரி எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

ஏவிஎம் நிறுவனர் ஏ.வி. மெய்யப்பன் 1948இல் கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்ததை வருஷா வருஷம் முதல் வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். நம்ம ஊருக்கும் மீடியாவுக்கும் அவ்வளவு பழைய தொடர்பு என்பேன். அந்த ஸ்டூடியோவை யார் பெருக்கினார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த அம்மா பேசாமல் இருந்தவரும் இல்லை, மோர்லியின் கணக்கிலும் அவரைச் சேர்க்க முடியாது. தான் செய்த வேலை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதானோ என்னவோ. நாலாவது கட்டம் ஒன்று போட்டு அவரை அதில் உட்காரவைத்தால், அன்றைக்கு நான் அவளிடம் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போன மாசம் புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பி.எட். முடித்துவிட்டாளாம். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே, "அந்த அசைன்மென்ட்ல நீங்க சொன்ன மாதிரி மாத்தி எழுதுனதுதான் மேம், அதுக்கப்புறம் எல்லாப் பேப்பருக்கும் அப்படியே எழுதக் கத்துக்கிட்டேன்" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள், முகத்தில் வேறு எதுவும் இல்லை. பழைய தாள் இருக்கிறதா என்று கேட்க நினைத்து, "அம்மா இப்பவும் சீரியல் பாக்குறாங்களா?" என்று கேட்டேன்.

"அது முடிஞ்சிருச்சு மேம். வீட்டையும் ஹோட்டலாக்கிட்டாங்க. அம்மா அங்கதான் இருக்காங்க. வந்து தங்குறவங்க தரையத்தான் போட்டோ எடுக்குறாங்களாம்" என்று சிரித்தாள். தேவகோட்டை பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.