ஓடாத மெஷின் எல்லாம் கெட்டுப்போன மெஷின் இல்லை

பழைய தையல் மெஷினைப் பற்றி என்னிடம் பேச வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஜாம் ஆயிடுச்சு." வருடக்கணக்கில் மூலையில் கிடந்தது, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம், அசையவே இல்லை, அதனால் உள்ளே ஏதோ உடைந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இத்தனை காலமாக இந்தப் பொழுதுபோக்கில் கிடக்கிறேன், உண்மையாகவே உள்ளே உடைந்து நின்றுபோன மெஷினை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் வார்ப்பிரும்பும் எஃகும். அவ்வளவு லேசில் உடையாது. பெரும்பாலும் மெஷினை நிறுத்தி வைத்திருப்பது பழைய எண்ணெய்தான்.

தண்டு சுழலும் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய இடைவெளி. அங்கே எப்போதோ விட்ட எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பாகி, பிசினாகி, கடைசியில் வார்னிஷாகவே இறுகிவிடும். அவசரத்துக்குச் சமையல் எண்ணெயை விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். தையல் மெஷினுக்கென்றே விற்கிற, நிறமில்லாத மினரல் ஆயிலைத் தவிர வேறு எதையும் நான் விடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் இறங்கி வர மாட்டேன்.

சமீபத்தில் வந்தது ஒரு சிங்கர் 15 (15 என்பது மாடல் எண்). கொண்டுவந்த அக்கா அதை மேசையில் வைக்கும்போதே, "எங்கம்மா தைச்சது. ஓட வேண்டாம்மா, பார்வைக்கு வச்சுக்கறேன். கொஞ்சம் துடைச்சு மட்டும் கொடுத்தாப் போதும்" என்றார். "ஓடும்க்கா. கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. பரவாயில்லை.

சக்கரம் துளியும் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் இரண்டு கையாலும் பிடித்துத் திருகுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஷட்டில் (மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு கோர்க்கும் உறுப்பு) சுற்றும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நூல் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டால் அதுவே மொத்த மெஷினையும் பிடித்து நிறுத்திவிடும். கைச்சக்கரத்துக்குப் பின்னால், தண்டோடு ஒட்டிய இடத்திலும் பாருங்கள். வெளியே தெரியாமல் நூல் சுற்றிச் சுற்றி அங்கே இறுகியிருக்கும். இந்த மெஷினில் இரண்டு இடத்திலும் நூல் இருந்தது. எடுத்த பிறகும் அசையவில்லை. சரி, அப்படியானால் எண்ணெய்தான்.

முகத்தகட்டையும் ஊசித்தகட்டையும் கழற்றினேன். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சுத்தூசி கம்பளித் துண்டு போல அமுங்கிக் கிடந்தது. ஊசியால் கிளறினால் முழுசாகப் பெயர்ந்து வந்தது. எத்தனையோ துணிகளின் பிசிர், எத்தனையோ நிறம். அது அங்கே அடைத்திருந்தால் பல் சரியாகக் கீழே இறங்காது, துணி இழுபடும். தைக்கிறவர் துணியைக் குறை சொல்வார், இல்லாவிட்டால் நூலைக் குறை சொல்வார்.

மூட்டுகளில் மண்ணெண்ணெய் தொட்டுவிட்டு ஊற விட்டேன். (ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டிய வேலை.) அது ஆவியாகிப் போனதும் தையல் ஆயில். அப்புறம் தலைமுடி உலர்த்தும் டிரையரால் லேசான சூடு. மண்ணெண்ணெய் வாடை போவதற்கு முன்னால் டிரையரைக் கையில் எடுக்கக் கூடாது. சூடு பட்டால் காய்ந்த எண்ணெய் இளகும். பிறகு சக்கரத்தை விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். சுற்றப் பார்க்கக் கூடாது, அசைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையா, துணி போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மறுநாள் மறுபடி எண்ணெய், மறுபடி சூடு.

ஒரு சாயங்காலம் சக்கரம் ஒரு நூலளவு நகர்ந்தது. அவ்வளவு போதும். ஒரு நூலளவு நகர்ந்தால் புது எண்ணெய் உள்ளே போக வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து ஒரு விரற்கடை, அடுத்து கால் சுற்று. மூட்டுகளிலிருந்து கருப்பும் பழுப்புமாக அழுக்கு எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தது. வழிகிற எண்ணெய் தெளிகிறவரை துடைப்பதும் விடுவதுமாக இருக்க வேண்டும். பாதியில் "ஓடுதே, போதும்" என்று விட்டால் கொஞ்ச நாளில் பழையபடி இறுகிக்கொள்ளும்.

திருப்புளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருகின் வெட்டில் அலகு முழு அகலத்துக்கும் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். மெல்லிய அலகை வைத்து அழுத்தித் திருகினால் வெட்டின் ஓரம் சிதைந்துவிடும். அப்புறம் அந்தத் திருகை எடுப்பது பெரும்பாடு. பழைய சிங்கர் திருகுகளில் பலவற்றுக்கு மரையே தனி அளவு, இன்றைக்குக் கிடைக்கிற மெட்ரிக் திருகு சேராது. அதனால் ஒவ்வொரு திருகும் எங்கிருந்து வந்தது என்று எழுதி, தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டு வைக்கிறேன். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ.

கைச்சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு நிறையப் பேர் தவித்துப் போகிற இடம் ஒன்று உண்டு. சக்கரத்தின் நடுவே பெரிய குமிழ்த் திருகு இருக்கிறதே, அதை இறுக்கினால் ஊசி ஓடும், தளர்த்தினால் பாபின் மட்டும் சுற்றும். அதற்கு உள்ளே காது வைத்த ஒரு வாஷர் இருக்கும். அது இரண்டு விதமாக உட்காரும், ஒரு விதத்தில்தான் வேலை செய்யும். குமிழை எவ்வளவு இறுக்கியும் சக்கரம் வெறுமனே சுற்றுகிறது என்றால் எதுவும் உடையவில்லை. வாஷரை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

மெஷின் லேசாக ஓட ஆரம்பித்ததும் நான் உடனே தைப்பதில்லை. அழுத்துக் கால் இல்லாமல், துணி இல்லாமல், சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி பக்கவாட்டில் குனிந்து பல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே எழும், துணியைப் பின்னால் தள்ளும், கீழே இறங்கும், அடியிலேயே முன்னால் திரும்பி வரும். மறுபடி எழும். இந்த நாலு அசைவை ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854இல் காப்புரிமை செய்தார். எலியாஸ் ஹோவ் இரட்டை நூல் தையலுக்குக் காப்புரிமை பெற்றது 1846இல், ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குப் பெற்றது 1851இல். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்ததால் வழக்குமேல் வழக்காகப் போய், 1856இல் முக்கியமான கம்பெனிகள் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. சிங்கர் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது. துணி தானாக நகர்ந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வில்சன்தான் நினைவுக்கு வருகிறார். இன்றைக்குக் கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் மெஷினைத் திறந்தாலும் பல் இதே நாலு அசைவில்தான் போகிறது.

சரி, இனி மேல்பூச்சு. இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

என்னிடம் ஒரு சிங்கர் 66 இருக்கிறது. மெஷினில் பொறித்த தொடர் எண் எஃப் என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருந்த கிளைடுபேங்க் தொழிற்சாலையில், 1910களில் செய்தது. (எண்களை மொத்தம் மொத்தமாக ஒதுக்கித் தந்தார்கள், அதனால் எண்ணை வைத்துச் சொல்லும் வருடத்தைக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.) அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. மெஷினின் கருப்பு உடம்பில் தாமரை போலப் பூ வேலைப்பாடு. சேகரிக்கிறவர்கள் இதை 'லோட்டஸ்' என்றே சொல்வார்கள். தூண் பக்கம் பூக்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. தைக்கிறவர் பக்கத்து விளிம்பில், ஊசிக்கு முன்னால், பூவே இல்லை. தங்கம் போய், கருப்பும் மங்கி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாக இருக்கிறது. துணியும் கையும் உரசி உரசித் தேய்ந்த இடம் அது.

அதன் மேல் புதுப் பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, கடையில் வாங்கியது போல ஆக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, உழைப்பும் பெரிது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பாது. அங்கே உட்கார்ந்து யாரோ பல ஆண்டுகள் தைத்ததற்கு அந்த மெஷினில் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தேய்மானம். துரு வேறு, அதை விடக் கூடாது, எடுத்தாக வேண்டும். தேய்மானத்தில் நான் கை வைப்பதில்லை.

இருக்கிற பூ வேலைப்பாட்டைக் காப்பாற்றுவதும் கவனமாகச் செய்ய வேண்டியது. பழைய கருப்பு மெஷின்களில் தங்க வேலைப்பாட்டின் மேல் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு இருக்கும். ஆல்கஹால் பட்டால் அது கரைந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் போட்டுத் துடைத்தால் தங்க நிறம் போய் வெள்ளிபோல வெளுத்துவிடும். வெளுத்தது வெளுத்ததுதான், திரும்ப வராது. நான் செய்வது ஒன்றே: பஞ்சில் தையல் ஆயில் தொட்டு, அழுத்தாமல் வட்ட வட்டமாகத் துடைப்பது. அழுக்கு மெதுவாகத்தான் வரும். பஞ்சில் தங்கப் பொடி ஒட்டத் தெரிந்தால் அந்த இடத்தில் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்புக் காலை மட்டும் வைத்து மேசை செய்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தத் தலைகளில் நிறைய ஓடக்கூடியவை. மிதியும் நல்ல நிலையில் இருந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டர் அளவு தடிமனான உருண்டைத் தோல் பெல்ட் ஒன்று புதிதாக மாட்டினால் மறுபடி தைக்கிற மெஷின்.

மோட்டார் வைத்த மெஷின் என்றால் பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் வயரைப் பாருங்கள். பழைய ரப்பர் உறை விரலால் வளைத்தாலே பொடிந்து உதிரும். உதிர்ந்தால் முழு வயரும் மாற்றும்வரை மின்சாரம் கிட்டவே வரக் கூடாது.

அப்புறம் தைத்துப் பார்க்கும் நாள். அக்காவின் 15க்கு முதலில் புது ஊசி. தையல் விடுகிறது, நூல் அறுகிறது என்கிற புகார்களில் பாதி ஊசியோடு தீர்ந்துவிடும். ஊசித் தலையின் தட்டைப் பக்கம் ஹூக் (மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி) இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும், நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்து நூல் கோர்க்க வேண்டும். சில மெஷினில் இது வலமிருந்து இடம், சிலவற்றில் இடமிருந்து வலம். மாற்றிப் போட்டால் ஒரு தையலும் விழாது. பாபினும் அப்படித்தான். 15இன் பாபினும் 66இன் பாபினும் பார்வைக்கு ஒரே அளவு. 66இன் முகம் லேசாகக் குவிந்திருக்கும், 15இன் முகம் தட்டை. ஒன்றுக்கு ஒன்று போடக் கூடாது.

டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தைப் பார்க்க ஒரு சுலபமான வழி: கோர்த்த நூலை ஊசிக்கு மேலேயே பிடித்து இழுங்கள். அழுத்துக் கால் கீழே இருந்தால் நூல் பிடிக்க வேண்டும், மேலே தூக்கினால் தளர்ந்து வர வேண்டும். இரண்டு நிலையிலும் தளர்வாகவே வந்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அழுக்கோ பழைய நூலோ இருக்கும், இல்லையென்றால் அதன் நடுவில் உள்ள சின்னக் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். மேலே ஒரு நிறம், பாபினில் ஒரு நிறம் போட்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தைத்துப் பாருங்கள். மேல் நூலின் நிறம் அடியில் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் தளர்வு, பாபின் நூல் மேலே தெரிந்தால் இறுக்கம். துணிக்கு அடியில் நூல் குஞ்சம் கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேலே இருக்கும்.

அக்கா வந்தபோது மெஷினில் துணி போட்டே வைத்திருந்தேன். "நீங்களே சுத்துங்கக்கா" என்றேன். தயங்கித் தயங்கிச் சக்கரத்தில் கை வைத்தார். ஒரு முழம் நீளத்துக்குத் தைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பார்வைக்கு வைக்கப் போவதாக அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. பாபின் எங்கே கிடைக்கும், எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருமுறை விட வேண்டும் என்றெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு சிங்கர் 27. 1880களில் தொடங்கி வந்த வைப்ரேட்டிங் ஷட்டில் வகை. இதில் வட்டப் பாபின் கிடையாது. ஒல்லியான நீளப் பாபின் ஒரு படகு வடிவ ஷட்டிலுக்குள் உட்கார்ந்துகொள்ளும், அந்த ஷட்டில் ஊசிக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் வீசிப் போய் வரும். எனக்கு வந்த மெஷினில் ஷட்டிலைக் காணோம், மற்றதெல்லாம் இருக்கிறது. இந்த வகை மெஷினை வாங்கப் போகிறவர்கள் முதலில் ஷட்டிலை மூடியிருக்கும் தகட்டை நகர்த்தி, ஷட்டில் இருக்கிறதா, அதன் முகம் துருப் பிடிக்காமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பூ வேலைப்பாட்டையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.