பாதியில் விட்ட பி.எஸ்சி.யும் பழைய ஹேண்ட்புக்கும்

ஒரு வழியாக பி.எஸ்சி. முடிந்தது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் எப்போதோ பட்டம் வாங்கியவள் என்றுதான் நினைப்பு. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தினமும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறவளைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள். உண்மையில் என்னிடம் இருந்தது இரண்டு வருஷப் படிப்பு. அப்பா தவறியதும் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றது, வேலை கிடைத்தது, கல்யாணம், பிள்ளைகள், அப்புறம் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான். என்னிடம் வேலை பழகிய பையன்கள் கையில் பட்டம் இருந்ததால் எனக்கு மேலே போனார்கள். அதைப் பற்றி நிறையப் புலம்பலாம், இன்றைக்கு வேண்டாம்.

இன்றைக்குச் சொல்ல வந்தது கிரெடிட் மாற்றுவது பற்றி. "பழைய படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாமே" என்று கேட்பவர்கள் எல்லாரும் அதை ஏதோ பஸ் பாஸை மாற்றுகிற மாதிரி நினைக்கிறார்கள். எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நீ படித்தாய் என்பதற்காக அல்ல, என்ன படித்தாய் என்று தாளில் காட்ட முடிந்தால் மட்டும்.

கணக்கு இதுதான். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு; விரிவுரை, அசைன்மென்ட், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. பி.எஸ்சி.க்கு 360 கிரெடிட், அதில் 120-ஆவது ஏழாம் நிலையில், அதாவது மூன்றாம் வருஷத் தரத்தில் இருக்க வேண்டும். நான் முடித்தது யுனிசாவில், அதாவது தொலைவிலிருந்தே படிக்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில்; அங்கே பி.எஸ்சி. மாடியூல் (ஒரு பாடம்) ஒன்றுக்கு 12 கிரெடிட், ஆக மொத்தம் 30 மாடியூல். அங்கே மாடியூல் எண்ணைப் பார்த்தாலே நிலை தெரிந்துவிடும். கணக்குப் பாடமான எம்ஏடி 1503 என்றால் 1 முதல் வருஷம், அடுத்த 5 ஐந்தாம் நிலை. எம்ஏடி 3701 என்றால் மூன்றாம் வருஷம், ஏழாம் நிலை. பாதிக்கு மேல் வெளியிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள், மூன்றாம் வருஷப் பாடங்களைப் பட்டம் கொடுக்கிற இடத்திலேயே படிக்க வேண்டும். இதுதான் இங்கே பொதுவான வழக்கம். அதனால் என்னைப் போல இரண்டாம் வருஷத்தோடு நின்றவர்களுக்கு லாபம் அதிகம், கடைசி இரண்டு பாடம் பாக்கி வைத்து நின்றவர்களுக்கு நஷ்டம் அதிகம். அநியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் பட்டத்தில் தன் பெயரைப் போடுகிறவன் அப்படித்தானே கேட்பான்.

யுனிசா ஏன் என்றால், எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கெனவே மரியாதை உண்டு. பெரியம்மாவைக் கேட்டால் மண்டேலாவில்தான் ஆரம்பிப்பாள். "அவரையே ஃபோர்ட் ஹேர் கல்லூரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் கண்ணு, அப்புறம் தபாலில் படித்து யுனிசா தேர்வெழுதித்தான் பி.ஏ. முடித்தார்." உண்மைதான், 1943-இல் பட்டம் வாங்க ஃபோர்ட் ஹேருக்கே திரும்பிப் போனார். 1873-இல் நன்னம்பிக்கை முனைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, தேர்வு மட்டும் நடத்திக்கொண்டிருந்த இடம் யுனிசா, 1946-இல்தான் தானே தபால் வழியில் பாடம் நடத்த ஆரம்பித்தது. ஆக, பாதியில் நின்றவர்களுக்கு இந்த நாட்டில் முன்னோடிகளுக்குப் பஞ்சமில்லை.

முதல் மலை, பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பதிவேட்டை வாங்குவது. அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஃபீஸ் பாக்கி இருந்தால் ரெக்கார்டைத் தரமாட்டார்கள். இது அந்த ஒரு கல்லூரியின் பழக்கம் மட்டும் இல்லை, இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் விட்டுவந்த பாக்கி வட்டியோடு வளர்ந்து நின்றது. தவணை கேட்டு எழுதினேன், டிசம்பர் போனஸை அப்படியே அதில் போட்டேன், கடைசித் தவணை கட்டிய ரசீதைக் காட்டிய பிறகுதான் முத்திரை குத்திய ரெக்கார்டும் நன்னடத்தைச் சான்றும் வந்தன. நான் ஒழுங்காக நடந்துகொண்டேன் என்று, என்னைப் பார்த்தே இராத ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்தது சிலபஸ். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "கெமிஸ்ட்ரி, 64 மதிப்பெண்" என்று ரெக்கார்டில் இருந்தால் போதாது. நீங்கள் படித்த வருஷத்தில் அந்தப் பாடத்தில் என்னென்ன இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். இணையத்தில் கிடைப்பதோ இந்த வருஷத்துப் பாடவிவரக் கையேடு, அதாவது ஹேண்ட்புக். நடுவில் பாடத்திட்டம் மாறி, துறையின் பெயர் மாறி, மாடியூலின் குறியீடும் மாறியிருந்தது. கடைசியில் நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா பழைய ஹேண்ட்புக்கை எடுத்து எனக்கு வேண்டிய பக்கங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பினார். அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன், அதற்கு மேல் கைம்மாறு செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் பொடி எழுத்தில் ஒரு வரி: விரிவுரை 39 மணி, டுடோரியல் 9, பிராக்டிகல் 36. என்னைக் காப்பாற்றியது அந்த 36தான். பழைய கல்லூரியில் ஒரு பாடம் 16 கிரெடிட், பிராக்டிகலும் அதற்குள்ளேயே அடக்கம். யுனிசாவிலோ தியரி தனி மாடியூல், பிராக்டிகல் தனி மாடியூல். லேபில் நின்றேன் என்பதற்கு மணிக்கணக்கு இல்லாவிட்டால் தியரிக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். பழைய கம்ப்யூட்டர் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து மென்பொருளை இப்போது யார் தொடுகிறார்கள், சரி, நியாயம்தான்.

ஒன்றை மட்டும் நானே வேண்டாம் என்றேன். முதல் வருஷ லீனியர் அல்ஜீப்ராவுக்கு கிரெடிட் கிடைக்கிற மாதிரி இருந்தது, ஆனால் மேட்ரிக்ஸை எப்படிப் பெருக்குவது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கிரெடிட்டை வாங்கி வைத்துக்கொண்டு நேரே இரண்டாம் வருஷக் கணக்கில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா. காசு கட்டி மறுபடி படித்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு இப்பவும் அது சரியான முடிவுதான். எத்தனை பாடம் கழியும் என்று மட்டும் பார்க்கிறவர்கள், மேலே வரும் பாடம் எதன்மேல் நிற்கிறது என்பதையும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

ஹூஸ்டனில் இருக்கிற சித்தப்பா மகள், "ஏன்க்கா இவ்வளவு கஷ்டம், இங்கே 120 கிரெடிட்தான், நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன் மாதிரி இடங்களில் வெளிக் கிரெடிட்டை அள்ளி எடுத்துக்கொள்வார்கள், எல்லாமே ஆன்லைன்" என்றாள். 120-ஐயும் 360-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அது மூன்றில் ஒரு பங்கு என்று ஏமாறக் கூடாது. அளக்கிற படி வேறு, ஐரோப்பாவில் இதே மூன்று வருஷப் படிப்புக்கு 180 போடுகிறார்கள். அது போக, வெளிநாட்டுப் பட்டத்தோடு இங்கே வேலைக்குப் போனால் அதை சாக்வாவில், அதாவது படிப்புத் தகுதிகளை மதிப்பிடுகிற தென்னாப்பிரிக்க அமைப்பில், மதிப்பிட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். டாலரில் ஃபீஸ் கட்டி, அப்புறம் இன்னொரு தாளுக்கும் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமையில்லை. அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி, அவள் அப்படித்தான் முடித்தாள்.

ஆன்லைன் படிப்பு என்றால் தேர்வும் வீட்டில்தான். கைப்பேசியில் ஒரு செயலி, நினைத்த நேரத்தில் முகத்தைப் படம் எடுக்கும், அறையில் கேட்கிற சத்தத்தைப் பதிவு செய்யும். வருஷக் கடைசித் தேர்வு அக்டோபர், நவம்பர். தீபாவளியும் அப்போதுதான். சாட்ஸ்வொர்த்தில் தீபாவளிச் சமயத்தில் வெடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தெர்மோடைனமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்க, பின்வீட்டுப் பையன்கள் சரம் சரமாகக் கொளுத்தினார்கள், எங்கள் நாய் மேஜைக்கடியில் ஊளையிட்டது. அந்தப் பதிவை யாராவது கேட்டிருந்தால் பாவம். 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து நடக்கிற மின்வெட்டு, ஆறாம் நிலைக்குப் போனபோது இன்னும் மோசம். இன்வெர்ட்டர் இருக்கிற சின்னம்மா வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய், எழுதியதைப் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, நேரம் முடிவதற்குள் ஏற்றுவதற்குள் கை நடுங்கிவிடும்.

பிராக்டிகலை மட்டும் ஆன்லைனில் செய்ய முடியாது. அறிவியல் வளாகம் ஜோகன்னஸ்பர்க் பக்கம், ரூடபோர்ட்டின் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. டர்பனிலிருந்து ராத்திரி பஸ், லீவு எடுத்து, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். இந்தப் படிப்பிலேயே எனக்குப் பிடித்தது அந்த நாட்கள்தான். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்க ஈடிடிஏ டைட்ரேஷன், அதாவது ஈடிடிஏ கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கிற சோதனை, கொடுத்தார்கள். பிஎச் 10 பஃபர், நிறம் காட்ட எரியோகுரோம் பிளாக் டி இரண்டு துளி, திராட்சை ரசச் சிவப்பு நீலமாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு ஊதா வரும், அங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். பக்கத்தில் லிம்போப்போவிலிருந்து வந்த ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் தாண்டிப்போய் முழித்துக்கொண்டிருந்தான். "அரைத் துளி விடு, குடுவைச் சுவரில் ஒட்டவைத்துத் தண்ணீரால் கழுவி இறக்கு" என்று காட்டிக் கொடுத்தேன். டெமான்ஸ்டிரேட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் எதற்கு இதைச் செய்கிறீர்கள்?" என்றார். கிரெடிட்டுக்கு என்றேன்.

வேலையில் பெற்ற அனுபவத்தைக் கிரெடிட்டாக்க முடியாதா என்று கேட்பீர்கள். முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி உண்டு. அதற்கும் கோப்புக் கோப்பாக ஆதாரம் வேண்டும், எனக்கு பஸ்ஸில் போவதே சுலபமாகத் தெரிந்தது.

இங்கே விஞ்ஞானிகளைப் பதிவு செய்கிற அமைப்பான சக்னாஸ்பில் முழு விஞ்ஞானியாகப் பதிவதற்கு இந்த மூன்று வருஷப் பட்டம் போதாது, ஹானர்ஸ் வேண்டும். அது இன்னொரு 120 கிரெடிட், எட்டாம் நிலை, அங்கே பழைய ஹேண்ட்புக்கைத் தூக்கிக்கொண்டு போய் எதையும் கழிக்க முடியாது. "இன்னும் எத்தனை வருஷம்தான்டி படிப்பே?" என்கிறாள் பெரியம்மா. அப்ளிகேஷன் போட்டாயிற்று.