பதினெட்டு ஆகாத பிள்ளை போட்ட டிக்

பக்கத்து பிளாக் அக்காவின் மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். கைப்பேசி விளையாட்டில் வைரக்கற்கள் வாங்கியதில் அம்மாவின் கார்டில் சில நூறு வெள்ளி போய்விட்டது. "விதிமுறையை ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்" என்று நிறுவனம் ஒரே வரியில் பதில் அனுப்ப, அக்காவும் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை.

சிங்கப்பூரில் 2009 முதல், 18 வயது நிறைந்தவர்தான் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தானாகச் செய்ய முடியும். அதற்குக் கீழே உள்ள பிள்ளையை, சாப்பாடு, துணிமணி போன்ற அவசியத் தேவைகளும் அவனுக்கு நன்மை தரும் வேலை, பயிற்சி ஒப்பந்தங்களும் தவிர, மற்றவை பொதுவாகக் கட்டுப்படுத்தாது. வைரக்கல் அவசியத் தேவையா, சொல்லுங்கள்! "எனக்கு 18 ஆகிவிட்டது" என்ற கட்டத்தில் டிக் போட்டதால் மட்டும் பிள்ளை பெரியவனாகிவிட மாட்டான்.

ஆனால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு விஷயம். கற்களைச் செலவழித்துவிட்டால் ரொம்பக் கஷ்டம். கணக்கு அம்மாவின் பெயரில் இருந்தால், ஒப்பந்தம் அவரோடுதான் என்று வாதாடுவார்கள். அதனால் உடனே, பிள்ளையின் வயதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அப்புறம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அக்காவுக்கான கடிதத்தை இன்று இரவு சேர்ந்து எழுதுகிறோம்.