செமினார் எடுக்கப் போகும் மாணவர்களுக்கு

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரிகளில் செமினாருக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் உண்டு என்பதால், எப்படியாவது பேசி முடித்து உட்கார்ந்துவிட வேண்டும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் பின்வரிசையில் அமர்ந்து இவ்வுரைகளைக் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இதுதான்: படிப்பவர் புரியாத இடத்தில் பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொள்ளலாம், கேட்பவரால் அது முடியாது என்பதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான குறைகள் பிறக்கின்றன.

தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளச் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு மாணவி பேசத் தயாரானார். முதல் வரைவில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், சோலையாறு என்று அணைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. 1970 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட செய்தியும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் ஐந்தாவது பெயரைக் கேட்கும்போது முதல் பெயர் யார் நினைவிலும் இருக்காது. இரு மாநில எல்லையருகே உள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி நீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும், சித்தூர்ப் பகுதியின் பாசனம் அதை நம்பியிருக்கிறது என்பதை உரையின் நடுநாயகமாக வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கச் சொன்னேன். டி.எம்.சி என்றால் நூறு கோடி கன அடி என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் வகுப்பு விழிக்கும். ஒரு டி.எம்.சி நீரை ஓரடி உயரத்துக்குத் தேக்கினால் ஏறத்தாழ 22,950 ஏக்கர் வயல் நிறையும் என்று அவரே கணக்குப் போட்டு வந்து சொன்னபோது, நெல் விளையும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். உரைக்குள் எத்தனை எண்கள் இருந்தாலும், கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஒன்றோ இரண்டோதான்; எவை அவை என்பதைப் பேசுபவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உரையை முழுவதுமாக எழுதி மனப்பாடம் செய்வதை நான் ஒப்புவதில்லை. ஒரு சொல் தவறினால் அடுத்த பத்துச் சொற்களும் கூடவே போய்விடும். தொடக்க வாக்கியத்தையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு, இடைப்பட்டதைக் கைக்கு அடங்கும் ஒரு தாளில் குறிப்புகளாக வைத்துக்கொண்டு, வாய்விட்டு, நின்றபடி, கைப்பேசியில் நேரம் பார்த்துப் பேசிப் பழக வேண்டும். மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மூச்சு வாங்கும் இடமும் நாக்குத் தடுக்கும் இடமும் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியவரும். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயாரித்தால் போதும்.

ஸ்லைடில் இருப்பதைத் திரும்பி நின்று வாசிப்பதைவிடப் பேசாமல் இருப்பது மேல். அதைவிட எங்கள் பக்கத்தில் அதிகம் நிகழும் துன்பம் எழுத்துருவினால் வருவது: பாமினியில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத துறைக் கணினியில் திறக்கும்போது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆகவும் ஒரு படி பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரம் போனால் கரும்பலகையில் எந்தப் படத்தை வரைவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வகுப்புகளில் தமிழ்வழி படித்தவர்களும் மலையாளவழி படித்தவர்களும் கலந்தே இருப்பார்கள். அவர்களுக்காக மொழியை மாற்றி மாற்றிப் பேசத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, எண்களையும் இடப்பெயர்களையும் பலகையில் எழுதிக் காட்டினாலே போதும். இந்த மட்டில் பேச்சுப்போட்டிப் பழக்கம் கெடுதலே செய்கிறது. அடுக்குமொழியும் குரல் ஏற்றமும் மேடைக்கு அழகு. ஒப்பந்த விவரம் சொல்லும்போது அவை தகவலை மூடிவிடும்.

கேள்வி வந்தால், அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். யோசிக்கவும் சிறிது நேரம் கிடைக்கும். போன ஆண்டு 7.25 டி.எம்.சியும் முழுமையாக வந்ததா என்று அந்த மாணவியிடம் ஒருவர் கேட்டார். தாம் பார்த்தது ஒப்பந்த அளவை மட்டுமே என்றும், ஆண்டுவாரிக் கணக்கை நீர்ப்பாசனத் துறையில் கேட்டுப் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றும் அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.